கேட்க வருகிறவர்களும் ஒப்பிக்க வைக்கிற நாமும்

வயது வந்த பிறகு கத்தோலிக்கத் திருச்சபைக்குள் வர விரும்புகிற ஒருவர் அதன் போதனைகளை எப்படிக் கற்றுக்கொள்வது என்ற கேள்வியை, எங்கள் திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை. இங்கே கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் பிறந்த சில வாரங்களில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். செபங்களை, எங்கள் வழக்கில் மந்திரங்களை, வீட்டில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள். முதன்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மைக்கு முன் சில மாதங்கள் சிஸ்டர்களிடம் பாடம் கேட்டுவிட்டு, உறுதிபூசுதலோடு மறைக்கல்வி முடிந்தது என்று எழுந்து போனவர்கள். ஆகவே வேதம் படிப்பது சிறுபிள்ளைகளின் காரியம் என்ற எண்ணம் எங்களுக்குள் ஊறிப்போயிருக்கிறது. ஞாயிறு காலையில் நாலாம் வகுப்புக்கு ஒரு மரத்தடியும், எட்டாம் வகுப்புக்கு ஒரு தாழ்வாரமும் ஒதுக்கித்தரும் பங்குக் கோவில்களில், முப்பது வயதில் வந்து நிற்கிற ஒருவரை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு விடை இருப்பதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கு ஞானத்தாயாக நிற்கும் பேறு எனக்கு வாய்த்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. அவளுடைய ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. நோய்ப்பட்ட அம்மாவை யாரோ சொன்னார்கள் என்று புளியம்பட்டி அந்தோணியார் கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே தங்கியிருந்த நாட்களில் தினமும் பூசையைப் பார்த்தாள். அம்மாவுக்குச் சுகமான பிறகும் அவளால் கோவிலை விட முடியவில்லை. தன்னைப் பிடித்து நிறுத்தியது அந்தச் சுகம் அல்ல என்றும், சாமியார் வாசித்த நற்செய்திதான் என்றும் அவள் என்னிடம் சொன்னாள். பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் ஒரு பங்கு அலுவலகத்துக்குப் போய், தான் வேதத்தில் சேர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அங்கே அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு எந்த ஊரும்மா?" என்பது. மாப்பிள்ளை யாரும் இல்லை என்று அவள் சொன்னதும் அலுவலகத்தில் இருந்தவர் சற்றுத் திகைத்துவிட்டு, ஒரு செபப் புத்தகத்தைக் கொடுத்து, மந்திரங்களைப் பாடம் பண்ணிக்கொண்டு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கேள்வியில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறுவது பெரும்பாலும் கல்யாணத்துக்காகவே என்று ஆகிவிட்டது. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்ட நிலையில் மூன்று வாரங்களில் பாடம் முடித்து நீரூற்றிவிடுகிறோம். ஆனால் திருச்சபையின் சட்டம் இப்படிச் சொல்லவில்லை. வயது வந்த ஒருவர் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற வேண்டுமானால் அதற்கு அவருடைய சொந்த விருப்பம் வேண்டும். விசுவாச உண்மைகளையும் கிறிஸ்தவக் கடமைகளையும் அவர் போதுமான அளவு கற்றிருக்க வேண்டும். கிறிஸ்தவ வாழ்வில் அவர் பழகிப் பார்த்திருக்கவும் வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 865-ஆம் எண். உலக ஆயர்களின் கூட்டமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் பழைய காலத்துப் புகுமுக முறையை மீட்டெடுக்கச் சொல்லி, அதன்படி 1972-இல் அதற்கான சடங்குமுறையும் வெளிவந்தது. முதலில் விசாரித்து அறியும் காலம், பிறகு போதனை பெறும் காலம், அதன் பின் தவக்காலத்தில் உள்ளத்தைத் தூய்மைப்படுத்தும் காலம், இறுதியில் உயிர்ப்பு விழாவான பாஸ்காவுக்குப் பின் பெற்றுக்கொண்டதன் பொருளை உணரும் காலம் என்று அது நான்கு பருவங்களாக விரிகிறது. எங்களிடம் எஞ்சி நிற்பது இரண்டாவது பருவத்தின் ஒரு துண்டு மட்டுமே.

கேள்வி யாருடையது?

மனப்பாடம் செய்வதை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் மண்ணில் விசுவாசம் வேர் பிடித்ததே மனப்பாடத்தினால்தான். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், தமிழ் தெரிந்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் முக்கிய மந்திரங்களையும் தமிழாக்கி, கையில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்ததை 1544-ஆம் ஆண்டுக் கடிதத்தில் தாமே எழுதியிருக்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லிவிட்டு, "இதை விசுவசிக்கிறீர்களா?" என்று அவர் கேட்க, மக்கள் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, "விசுவசிக்கிறோம்" என்பார்களாம். அவருக்குப் பின் இந்தக் கடற்கரையிலேயே வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். பதினாறே பக்கங்கள் கொண்ட ஞானோபதேசம். அடுத்த ஆண்டே கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடையாக அமைந்தது. என் பாட்டி காலம் வரை வீடுதோறும் இருந்த குறிப்பிடங்கள் என்னும் வினாவிடைச் சிறுநூல்களும் அந்த வழியில் வந்தவையே.

ஆனால் இந்த நூல்களில் எல்லாம் கேட்பவர் குரு, விடை சொல்பவர் சீடர். பிள்ளைகளுக்கு அது பொருந்தும். தனக்கு என்ன கேள்வி வரவேண்டும் என்பதையே பிள்ளைக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வயது வந்து வருகிறவரோ கேள்வியோடுதான் வருகிறார். அவர் யாரையோ இழந்திருப்பார், எதற்கோ பயந்திருப்பார், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்த ஒரு வாக்கியம் அவரைத் தூங்க விடாமல் செய்திருக்கும். அந்தக் கேள்வியை வெளியே எடுத்து வைக்க இடம் கொடுக்காமல், நம்முடைய கேள்விகளுக்கு நம்முடைய விடைகளை அவர் வாயால் சொல்லவைத்து முடித்துவிட்டால், அவர் படித்தவராக ஆகிவிடுவார். கேட்க வந்தது மட்டும் கேட்கப்படாமலே உள்ளே கிடக்கும்.

இந்த மாவட்டத்தில் திருமுழுக்குப் பெற்ற ஒரு புனிதரின் வரலாறு இதைத்தான் எனக்குச் சொல்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டப் பிள்ளை, அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவரான டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. நல்லவனுக்கு ஏன் துன்பம் வருகிறது என்பது நீலகண்டப் பிள்ளையின் கேள்வி. டிலனாய் அந்தக் கேள்வியின் வழியாகவே அவரை உள்ளே அழைத்துவந்தார். 1745-இல் நம் வடக்கன்குளத்தில் அவர் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சுரூபத்துக்கு மாலை போடுவதில் நாம் குறை வைப்பதில்லை. அவர் எப்படிக் கற்றார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

துணிக்கடைப் பெண்ணை எங்கள் பங்குக்கு அழைத்துவந்தேன். பங்குச்சாமி, மறைக்கல்வி கற்பித்து ஓய்வுபெற்ற ஒரு உபதேசியாரிடம் அவளை ஒப்படைத்தார். இரண்டாம் பூசை முடிந்து, கோவிலை ஒட்டிய அறையில் நாங்கள் மூவரும் உட்காருவோம். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் விசுவாசப் பிரமாணத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால், ஒவ்வொரு வரிக்கும் கீழே நாலு வரி காலியாக விட்டு, ஓரத்தில் கோடு கிழித்து எழுதியிருந்தாள். உபதேசியார் ஐயா சொல்லச் சொன்னதும் பிசகில்லாமல் ஒப்பித்தாள். அவர் மகிழ்ந்துபோய் அடுத்த பாடத்துக்குப் போக இருந்தபோது அவள் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள். "பாதாளத்தில் இறங்கி" என்ற வரியின் கீழே மட்டும் பென்சிலில் ஏதோ எழுதி அழித்திருந்தது.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? ஆண்டவர் அங்க யாரைப் பாக்கப் போனாவ? எங்க ஆச்சிதான் என்னை வளத்தாவ. இசக்கியம்மனுக்கு வெளக்குப் போடாம ஒரு செவ்வாக்கெழம இருந்தது கெடையாது. நம்ம வேதத்தப் பத்தி ஒருத்தரும் அவியகிட்ட சொன்னதே இல்ல. அவிய இப்ப எங்க இருப்பாவ?"

அறையில் நாங்கள் இருவரும் பிறவிக் கத்தோலிக்கர்கள். ஆயிரக்கணக்கான ஞாயிறுகளில் அந்த வரியைச் சொல்லியிருக்கிறோம். உபதேசியார் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "தாயி, இது வாய்க்கு வந்தபடி சொல்லுத காரியம் இல்ல. அடுத்த வாரம் சொல்லுதேன்" என்றார். ஒரு நல்ல ஆசிரியரை நான் அன்றைக்குப் பார்த்தேன். எங்கள் சீமையில் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், உபதேசியார்களுக்கென்றே 'வேதியர் ஒழுக்கம்' என்று ஒரு நூல் எழுதினார். கற்பிக்கிறவர் எப்படி இருக்க வேண்டும் என்ற கவலை அவ்வளவு பழையது. விடை தெரியாத இடத்தில், "எல்லாம் விசுவாசம்தான்" என்று அடைத்துவிடுவது எளிது. அவர் அப்படிச் செய்யவில்லை.

அடுத்த வாரம் அவர் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலைக் கொண்டுவந்தார். பக்கங்களுக்கிடையே பூசை அறிவிப்புத் தாள்களைக் கிழித்துச் செருகியிருந்தார். 632-ஆம் எண்ணிட்ட பத்தியிலிருந்து விரலை வைத்து நிதானமாக வாசித்தோம். இறந்தோர் அனைவரும் காத்திருந்த இடத்துக்கே கிறிஸ்து சென்றார். தமக்கு முன் வாழ்ந்து இறந்த நீதிமான்களை விடுவிக்கச் சென்றார். தண்டனை பெற்றவர்களின் நரகத்தை இல்லாமலாக்க அல்ல என்று நூல் கவனமாகச் சொல்கிறது. பெரிய சனிக்கிழமைக்கான ஒரு தொன்மையான மறையுரையும் அங்கே மேற்கோளாக வருகிறது. ஆண்டவர் காணாமற்போன ஆட்டைத் தேடுவதுபோல நம் முதல் தகப்பனாகிய ஆதாமைத் தேடிப் போகிறார் என்கிறது அந்த உரை. அதைக் கேட்டதும் அவள், "அப்ப செத்தவங்களத் தேடித்தான் போயிருக்காவ" என்றாள்.

அங்கிருந்து 847-க்குப் போனோம். தம் குற்றமின்றிக் கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமல், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின் வழியாக அறிந்த அவருடைய திருவுளத்தை அருளின் ஏவுதலால் நிறைவேற்ற முயன்றவர்களும் நிலையான மீட்பை அடைய முடியும் என்று வத்திக்கான் சங்கத்தின் வார்த்தைகளிலேயே அங்கே எழுதியிருக்கிறது. பிறகு 1257: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு பிணைத்திருக்கிறார், ஆனால் அவர் தாமே தம் அருட்சாதனங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். உபதேசியார் ஐயா அவளுக்கு எந்த உறுதியும் கொடுக்கவில்லை. ஆச்சி மோட்சத்தில் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நம்பலாம், மன்றாடலாம் என்றார். இறந்தோருக்காகச் செபிப்பது எங்கே எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, மக்கபேயர் இரண்டாம் நூலின் 12-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். அவள் வீட்டில் வைத்திருந்த, பக்கத்து வீட்டுப் புராட்டஸ்டண்டு (சி.எஸ்.ஐ.) குடும்பத்தார் கொடுத்த வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. 73 நூல்கள் கொண்ட திருவிவிலியத்தை அவள் வாங்கியது அந்த வாரம்தான். ஞானஸ்நானம் பெறாத ஒருவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்றும் கேட்டாள். உயிரோடிருக்கிறவர், இறந்தவர் யாருக்காகவும் குருவானவர் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பங்கு அலுவலகத்தில் ஆச்சியின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

ஒரே ஒரு கேள்வி அவளை விசுவாசப் பிரமாணத்திலிருந்து திருச்சபைக்கும், திருச்சபையிலிருந்து திருமுழுக்குக்கும், அங்கிருந்து விவிலியத்துக்கும், கடைசியில் பீடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பாடத்திட்டம் போட்டு நடத்தியிருந்தால் இந்த நான்கும் நான்கு தனித்தனி வகுப்புகளாக இருந்திருக்கும்.

புத்தகத்தை எப்படித் திறப்பது

இதைப் பார்த்த பிறகு, புதிதாக வருகிறவர்கள் யாராவது என்னிடம் எங்கே தொடங்குவது என்று கேட்டால் நான் தயங்குவதில்லை. 1992-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மறைக்கல்வி நூலில் 2865 எண்ணிட்ட பத்திகள் இருக்கின்றன. அதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறவர்களில் பலர் ஐம்பதாம் எண்ணுக்குள் சோர்ந்துவிடுகிறார்கள். அது அப்படி வாசிப்பதற்கான நூல் அல்ல என்பது என் எண்ணம். விசுவசிப்பது, கொண்டாடுவது, வாழ்வது, செபிப்பது என்று அதற்கு நான்கு பாகங்கள். விசுவாசப் பிரமாணம் முதல் பாகத்தின் சட்டகம். அருட்சாதனங்கள் இரண்டாவதன் சட்டகம். பத்துக் கட்டளைகள் மூன்றாவதைத் தாங்குகின்றன. நான்காவது பாகம் பரலோக மந்திரத்தில் போய் முடிகிறது. சவேரியார் கடற்கரையில் சொல்லிக்கொடுத்ததன் விரிவுதான் இது. மந்திரங்களைப் பாடம் பண்ணியவர் இந்த நூலின் பொருளடக்கத்தை ஏற்கெனவே நெஞ்சில் வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஆகவே அந்தப் பெண் செய்ததுபோல, மந்திரத்தை எழுதி, வரிக்கு வரி இடம் விட்டு, மனத்தில் தைக்கிற இடத்தில் கேள்வியை எழுதுங்கள். பிறகு அந்த வரிக்குரிய எண்ணைத் தேடிப் போங்கள். எண்கள் எல்லா மொழிப் பதிப்புகளிலும் ஒன்றே. எந்த ஊர்ச் சாமியாரிடமும் எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். ஒரு பத்தியிலிருந்து தொடர்புடைய வேறு பத்திகளுக்கு வழி காட்டும் எண்கள் விளிம்பிலேயே தரப்பட்டிருக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு போவதுதான் நல்ல படிப்பு.

நேரம் இல்லாதவர்களுக்கு 2005-இல் வந்த சுருக்கநூல் இருக்கிறது, 598 வினாவிடைகள். பெரிய நூலில் ஓரிடத்தில் தடுமாறும்போது சுருக்கத்தைப் பார்ப்பது தெளிவு தரும். சுருக்கத்தோடு மட்டும் நின்றுவிட்டால் பழைய குறிப்பிடத்தின் நிலைதான். விவிலியத்தைப் பொறுத்தவரை, தொடக்கநூலில் ஆரம்பித்து லேவியரில் நின்றுபோகாமல், லூக்கா நற்செய்தியையும் அதன் தொடர்ச்சியான திருத்தூதர் பணிகளையும் முதலில் வாசிக்கச் சொல்வேன். கைப்பேசியில் வரும் விவாதக் காணொளிகளைத் தொடக்கத்தில் தொடாமல் இருப்பதே நல்லது. அவை பிறரோடு வாதாடக் கற்றுத்தருகின்றன; புதிதாக வருகிறவருக்கு வேண்டியது அதுவல்ல.

எங்கள் பக்கத்துக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். கொடியேற்று, சப்பரம், அசனம், கும்பிடுசேவை, மொட்டை எல்லாம் எங்கள் பக்தியின் உயிரோட்டமான பகுதிகள். உவரியிலும் புளியம்பட்டியிலும் எத்தனையோ பேர் அவற்றின் வழியாகத்தான் கோவில் வாசலை மிதிக்கிறார்கள். ஆனால் எது திருச்சபையின் விசுவாசம், எது எங்கள் ஊரின் வழக்கம் என்று புதியவர்களுக்கு யாராவது பிரித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோவிலுக்குப் போவதும் ஞாயிறு பூசைக்கு வருவதும் ஒரே அளவு கடமை என்றே நினைத்திருந்தாள். அவளிடம் யாரும் வேறுவிதமாகச் சொல்லியிருக்கவில்லை. விசுவாச உண்மைகளுக்குள்ளேயே மையமானவை எவை, அவற்றைச் சார்ந்து நிற்பவை எவை என்று ஒரு வரிசை உண்டு என்பதை வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. திரித்துவத்தையும் உயிர்ப்பையும் கேட்பதற்கு முன் ஒருவர் நேர்ச்சைகளின் பட்டியலைக் கேட்டுவிடக் கூடாது.

புத்தகங்களுக்கு மேலாக, திருவழிபாட்டு ஆண்டு ஒன்றே பெரிய பாடசாலை. ஒரு முழு ஆண்டு ஞாயிறுதோறும் வாசகங்களைக் கேட்ட ஒருவருக்கு, திருவருகைக் காலம் முதல் கிறிஸ்து அரசர் பெருவிழா வரை மீட்பின் வரலாறு கண்முன் நடந்து முடிந்திருக்கும். திருமுழுக்குக்குத் தயாராகிறவர்களுக்கென்று தவக்காலத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் வைக்கப்பட்டிருக்கும் நற்செய்திகளைப் பாருங்கள். சமாரியப் பெண் கிணற்றடியில் ஆண்டவரை மடக்கி மடக்கிக் கேட்கிறாள். மொள்ளப் பாத்திரமும் இல்லை, கிணறும் ஆழம், உமக்கு எங்கிருந்து தண்ணீர் கிடைக்கும் என்கிறாள். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவர், விசுவசிக்க வேண்டிய மானிடமகன் யார் என்று ஆண்டவரையே கேட்கிறார். மார்த்தா, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டானே என்று முறையிடுகிறாள். மூவரில் ஒருவரையும் ஆண்டவர் வாயை மூடச் சொல்லவில்லை. புதியவர்களுக்கென்று திருச்சபை தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் மூன்று நற்செய்திகளும் இப்படிப்பட்டவையாக இருக்கும்போது, அவர்களை ஒப்பிக்க மட்டும் வைத்து அனுப்புவதற்கு நமக்கு எந்த நியாயமும் இல்லை.

அவள் பாஸ்கா திருவிழிப்பில் திருமுழுக்கும் உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றாள். வழக்கமாக எல்லாம் அத்தோடு முடிந்துவிடும். சான்றிதழைக் கையில் கொடுத்து வாழ்த்தி அனுப்பிவிடுவோம். நான்காவது பருவத்தை எங்கள் பங்குகள் அறவே மறந்துவிட்டன என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பெற்றுக்கொண்ட பிறகுதான் நற்கருணையைப் பற்றிக் கேட்பதற்கு ஒருவருக்குச் சொந்தமாக ஏதாவது இருக்கும். உபதேசியார் ஐயா வகுப்பை நிறுத்தவில்லை. பெந்தகோஸ்தே வரை ஞாயிறுதோறும் அதே அறையில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகும் நிறுத்த மனம் வரவில்லை. இப்போது அவளுடைய கேள்வி பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியது: கடவுளிடமே நேராகச் சொன்னால் போதாதா, சாமியாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்கிறாள். மறைக்கல்வி நூலின் 1422-ஆம் எண்ணிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம். பிறவிக் கத்தோலிக்கர்கள் சிலரும் வந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டாம் பூசை முடிந்ததும் தொடங்கும்; வருகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.